ஓட்டலில் கை நனைக்கலாமா

கொடுமுடி
8-1-1996

அன்புள்ள தங்கை ராசாத்தாளுக்கு,

அண்ணன் ஆறுச்சாமி எழுதுவது. இங்கு நான் சுகம். இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்; சொன்ன கம்பவுண்டரின் மேல்தான் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. உன் கண் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை திருமூர்த்தி நலமா? பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் போதுகிறதா?

போன வாரம் ஈரோடு பேருந்து நிலையத்தில் உன் மகன் ரங்கராஜைப் பார்த்தேன். ஏப்ரலில் கோயமுத்தூரில் உனக்குக் கண் ஆபரேஷன் என்றும், நீயும் மாப்பிள்ளையும் மூன்று நாள் அங்கே தங்குவீர்கள் என்றும் சொன்னான். அன்றிலிருந்து ஒரு யோசனை. எழுதலாமா வேண்டாமா என்று எட்டு நாள் ஓடிவிட்டது.

எழுபத்தைந்தில் இந்த வீட்டுக் குடிபுகுவிழாவில் மாப்பிள்ளையைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். 'இனி இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன், இவங்ககூட ஒரே பந்தில உக்கார மாட்டேன்' என்று சொல்லிவிட்டு அவர் உன்னை அழைத்துக்கொண்டு போனார். இருபத்தொரு வருடம் ஆகிறது. சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்தது. நான் முதல் பந்தி என்றால் நீங்கள் இரண்டாம் பந்தி. நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. எனக்கு அறுபத்தெட்டு. உனக்கு அறுபத்திரண்டு.

ஓட்டல் யாருடைய வீடும் இல்லை. அங்கே பந்தியும் இல்லை, மேசைதான். முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோயமுத்தூரில் ஏதாவது ஓர் ஓட்டலில் நாம் மூவரும் சாப்பிட்டால் மாப்பிள்ளை சொன்ன சொல்லுக்குப் பங்கம் வருமா? எனக்கு வராது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருந்ததில்லை.

எனக்கும் ஓட்டல் பழக்கம் இல்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருடம் வாய்க்கால் படம் வரைந்தபோது எந்த ஊருக்குப் போனாலும் தூக்குப்போசியில் கட்டுச்சோறுதான். அதனால் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

தப்பாகப் பட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

உன் நலம் நாடும்
ஆறுச்சாமி

•

மேட்டுப்பாளையம்
2-2-1996

அன்புள்ள அண்ணனுக்கு ராசாத்தாள் வணக்கம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். வலது கண்ணில் புகை படிந்தாற்போல் இருக்கிறது, இடது கண்ணை வைத்து இதை எழுதுகிறேன். வரி கோணினால் கண்ணைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். பிறகு பாக்குக்கு நல்ல விலை போன ஒரு சாயங்காலமாகப் பார்த்து அவரிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏம்புள்ள, ஓட்டல்ல காசு குடுத்து உக்காந்தவன யாரும் எந்திரின்னு சொல்ல முடியாதல்ல?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்பப் பாக்கலாம்" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இவரிடம் இவ்வளவு கிடைத்ததே பெரிசு.

நான் ஓட்டல் பலகாரம் தின்றதெல்லாம் இவர் மண்டிக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வருகிற பொட்டலம்தான். வீடு வந்து சேர்வதற்குள் ரோஸ்ட் ஈரத்துணியாகிவிடும். தட்டில் கோபுரம் மாதிரி நிற்குமாமே, உண்மையா? குடும்பமாய்ப் போனால் திரை போட்ட தனி அறை தருவார்களாமே? இலையா, தட்டா? சாப்பிட்ட இலையை நாமே எடுக்க வேண்டுமா? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு
ராசாத்தாள்

•

கொடுமுடி
19-2-1996

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். நான் நலம். நீ கண்ணுக்குச் சிரமம் கொடுக்காதே.

வியாழன் அதிகாலை ரயிலில் ஈரோடு போய் அங்கிருந்து கோயமுத்தூர் போனேன். பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காந்திபுரத்தில் ஒரு பெரிய ஓட்டல். நீ கேட்ட ரோஸ்ட் உண்மைதான். கூம்பாகச் சுற்றி நிறுத்திக் கொண்டுவருகிறார்கள்; எதிரில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை. சாப்பிட்ட தட்டை எடுக்கத் தனி ஆள் உண்டு. பரிமாறுபவர் இருபத்தேழு பலகாரத்தின் பெயரை ஒரே மூச்சில் சொன்னார். மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டு இட்லி என்றேன். காலிஃபிளவரைச் சிவப்பாகப் பொரித்து மஞ்சூரியன் என்று ஏதோ தருகிறார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் அது இனிப்பா காரமா என்று கேட்டேன். "தின்னு முடிச்சும் எனக்கே தெரியலீங்க" என்றார்.

ஆனால் அந்த ஓட்டல் நமக்கு ஆகாது. இடத்துக்காக வருகிறவர்கள் நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார்கள். என் பின்னால் நின்றவர் குனிந்து, "ஏனுங்க, காப்பி சாப்புடுவீங்களா, இல்ல எந்திரிச்சுருவீங்களா?" என்று காதருகே கேட்டார். பாதி வடையை விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

இரண்டாவது, ரயிலடிக்கு அருகில். சாயங்காலம் நாலரைக்கு மேசைகள் காலியாக இருக்கும். திரை போட்ட அறை இங்கே உண்டு. உள்ளே எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். "ஃபேமிலி எங்கீங்க பெரியவரே?" என்று தடுத்தார்கள். "ஏப்ரல்ல வாராங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்றாவது, டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் பஷீர் என்பவரின் பிரியாணிக் கடை. ஆறே மேசை. ஒன்றரை மணிக்கு மேல் கூட்டம் இல்லை. பின்னால் யாரும் நிற்பதில்லை. இதை நிச்சயப்படுத்திக்கொள்ள வெள்ளிக்கிழமையும் போனேன். அன்று ஜும்ஆ தொழுகை, கடை இரண்டு மணிக்குத்தான் திறந்தது. அதனால் சனிக்கிழமையும் போனேன். "தெனமும் வாரீங்க, கால் தட்டுக்கு மேல வாங்க மாட்டேங்கறீங்க, கடிகாரத்தப் பாக்கறீங்க. சுகாதார ஆபீசருங்களா?" என்று பஷீர் கேட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். இருபத்தொரு வருடம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சோத்து மேல கோவிச்சுக்கலாமுங்களா? கூட்டிட்டு வாங்க, சுவரோர மேசைய நான் புடிச்சு வெக்கறேன்" என்றார்.

ஆக என் யோசனை: ஏப்ரல் 9 செவ்வாய் மாலை நாலரைக்கு ரயிலடி ஓட்டலில் டிபன். மறுநாள் புதன் உனக்கு ஆபரேஷன். மருத்துவர் அனுமதித்தால் வியாழனன்று பஷீர் கடை.

இத்துடன் பஷீர் கடையின் வரைபடம் அனுப்பியிருக்கிறேன். நாற்காலிகளில் பெயர் எழுதத் தொடங்கி, பிறகு பிளேடால் சுரண்டிவிட்டேன். யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். இடம் குறிப்பது எனக்கு ஆகாது.

அன்புடன்
ஆறுச்சாமி

•

மேட்டுப்பாளையம்
6-3-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம்தானே? ஒரு கால் தட்டுப் பிரியாணிக்காக மூன்று நாள் ரயிலேறிய ஆளை இந்தத் தாலூக்காவில் பார்க்க முடியாது. மஞ்சூரியன் சமாசாரத்தைப் படித்து இடுப்பு வலிக்கச் சிரித்தேன்.

உங்கள் வரைபடத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னமோ எழுதிச் சொறண்டியிருக்காரே, என்னது?" என்றார். எனக்கென்ன தெரியும் என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு, பஷீர் கடையில் நல்லி எலும்பு கிடைக்குமா என்று கேட்டார். வருவார் அண்ணா. எலும்பைப் பற்றிக் கேட்டுவிட்டால் வருவார்.

ஒன்று சொல்லட்டுமா. எனக்கு உங்கள் மேல் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. நீங்கள் பாவம், ஒரு பக்கமாய்க் கையில் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள். அண்ணி மட்டும் அன்றைக்கு வந்து "எந்திரிங்க" என்று சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை வருடம் நான் பிறந்த வீட்டுக்கு வெளியாள் மாதிரி இருந்திருக்க வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டவளைப் பேசக் கூடாது. ஆனால் என் மனசில் அது அப்படியே கிடக்கிறது. யாரோ பெரிய அதிகாரி நிற்கிறார் என்று நாத்தனாரின் புருஷனை இலையிலிருந்து கிளப்ப அவளுக்கு எப்படி வாய் வந்தது?

அதை விடுங்கள். ரயிலடி ஓட்டலில் என்னென்ன கிடைக்கும், பட்டியல் எழுதி அனுப்புங்கள். நான் முன்னாடியே யோசித்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ராசாத்தாள்

•

கொடுமுடி
11-3-1996

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நல்லி எலும்பு உண்டு. ஒன்றரைக்குள் போனால்தான் கிடைக்கும்.

ரயிலடி ஓட்டலில் மாலைப் பலகாரம்: ரவா தோசை, ரோஸ்ட், ஊத்தப்பம், பூரி கிழங்கு, சேவை, தயிர் வடை, பஜ்ஜி. இனிப்பு அன்றாடம் மாறும்.

உன் கடிதத்தின் மற்ற பகுதியையும் படித்தேன்.

ஆறுச்சாமி

•

கொடுமுடி
22-3-1996

மரியாதைக்குரிய மாப்பிள்ளை திருமூர்த்தி அவர்களுக்கு,

ஆறுச்சாமி வணக்கம். தாங்களும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களுக்கு நான் நேராக எழுதி இருபத்தொரு வருடம் ஆகிறது. எழுதும் முறைகூட மறந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுக்க வேண்டும்.

ஓட்டலில் சேர்ந்து சாப்பிடுவதற்கு முன்னால் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஏமாற்றுவதாகும். இதைப் படித்துவிட்டுத் தாங்கள் வராமல் போகலாம். அதற்குத்தான் பயப்படுகிறேன். இருந்தும் எழுதுகிறேன்.

குடிபுகுவிழாவுக்கு முன்தினம் பந்தலை அளந்து படம் போட்டேன். ஒரு பந்திக்கு எழுபத்திரண்டு இலை. ஒவ்வொரு இலைக்கும் எண் போட்டு, முதல் பந்தியில் யார் எங்கே என்று பெயர் எழுதினேன். ஏழாம் இலை எங்கள் செயற்பொறியாளருக்கு. தங்கள் பெயர் எந்த இலையிலும் இல்லை. பரிமாறுகிறவர்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள் என்று வீட்டு ஆட்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். தங்களை அதில் எழுதியிருந்தேன். வீட்டு மாப்பிள்ளையை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது தாங்கள் என் கூடப்பிறந்தவர் போலத் தோன்றிவிட்டது. தங்களிடம் அதைச் சொல்லவும் இல்லை.

தாங்கள் ஏழாம் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள். பொறியாளர் வந்து நின்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த என் மனைவி பாவாத்தாளிடம், ஏழாம் இலையைக் காலி பண்ணச் சொல் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பீப்பாயைப் பார்க்கிறவன் போலப் பின்பக்கம் போய்விட்டேன். அவள் வந்து தங்களை எழச் சொன்னது என் வார்த்தை. தாங்கள் சத்தம் போட்டபோது பட்டியல் என் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

அன்று இரவு அவள், "நீங்க சொன்னீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஆகாமப் போயிரும். நாம்பாட்டுக்குச் சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் இறந்தும் போய்விட்டாள்.

செவ்வாய் மாலை நாலரைக்கு ரயிலடி ஓட்டலிலும், புதனும் வியாழனும் ஒன்றரைக்குப் பஷீர் கடையிலும் இருப்பேன். வருவதும் வராததும் தங்கள் விருப்பம். ராசாத்தாளிடம் சொல்வதா என்பதையும் தங்களுக்கே விடுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான் என்று தெரிகிறது.

தங்கள்
ஆறுச்சாமி

•

மேட்டுப்பாளையம்
2-5-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. நேற்றுத்தான் எழுதலாம் படிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சுவரில் இத்தனை ஒட்டடை இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை உங்களைக் காக்க வைத்ததற்குக் கோபமா? நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, ஊத்தப்பம் என்று முடிவு செய்து உட்கார்ந்திருந்தேன். "இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு ஆபரேஷன், வெளிய திங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை. ஏதோ ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

புதன் மதியம் எனக்குக் கண்ணில் கட்டு. படுத்திருந்தேன். இவர் எங்கேயோ போய்விட்டு மூன்று மணிக்கு வந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பிரியாணி வாசம். "அண்ணனைப் பாத்தீங்களா?" என்றேன். "ம்" என்றார். "சாப்பிட்டீங்களா?" "ம்." "ரெண்டு பேருமா?" "பேசாம படு, கண்ணு ஆடப் போவுது." வியாழனன்று நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோதும் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள், கேட்க முடியவில்லை. மூன்று வாரமாகக் கேட்கிறேன். "உங்கண்ணனையே கேளு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கேட்கிறேன். என்ன நடந்தது? அந்தக் கடிதம் என்ன?

ராசாத்தாள்

•

கொடுமுடி
9-5-1996

அன்புள்ள தங்கைக்கு,

உன் கண் தெளிந்தது கேட்டு நிம்மதி. நான் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்த பிறகு இதைத் தொடரலாம்; தொடராமலும் விடலாம்.

செவ்வாயன்று நான்கு பேர் மேசையில் ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேசை துடைப்பவர் மூன்று முறை வந்து துடைத்தார். "ஏனுங்க, ஏப்ரல் வந்துருச்சு, ஃபேமிலி வரலீங்களா?" என்றார். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஒரு காப்பி குடித்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன்.

புதனன்று பஷீர் சுவரோர மேசையைப் பிடித்து வைத்திருந்தார். ஒன்றே முக்கால் ஆயிற்று. "அண்டா அடி தட்டுதுங்க, நீங்க ஆரம்பிங்க, அவுரு வந்தா பாத்துக்கலாம்" என்று தட்டை வைத்துவிட்டார். சாப்பிட மனமில்லை. மறுக்கவும் தைரியமில்லை. இரண்டு வாய் தின்றிருப்பேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"எந்திரிங்க."

மாப்பிள்ளையின் குரல். திரும்பக்கூட இல்லை, எழுந்துவிட்டேன். கையெல்லாம் சோறு. பஷீர் ஓடி வந்து, "இந்தப் பக்கம் நாற்காலி காலியாத்தான இருக்குதுங்க" என்றார். "எனக்கு இந்த எடந்தான் வேணும்" என்றார் மாப்பிள்ளை. என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். பஷீர் எடுத்து வைத்திருந்த நல்லி எலும்போடு அவருக்குத் தட்டு வந்தது. பிசைந்தார். சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கை காஞ்சுதா?" என்று கேட்டார்.

பார்த்தேன். விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. காய்ந்துவிட்டது என்றேன்.

"அன்னிக்கு எனக்கும் இப்பிடித்தான். பருப்புஞ் சோத்துல கை வெச்சிருந்தேன். கழுவறதுக்குத் தண்ணி கேக்கவும் வெக்கம். பஸ்ஸேறி ஈரோடு போற வரைக்கும் மடக்கியே வெச்சிருந்தேன்."

நானும் கையை மடக்கிக்கொண்டேன்.

"என்னையப் பரிமாறறவங்க லிஸ்டுலயா போட்டீங்க?"

"ஆமாங்க மாப்பிள்ளை. வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டேன்."

அவர் எலும்பைத் தட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "அத அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அந்த இஞ்சினீருக்கு நானே எல போட்டிருப்பேனல்லங்க மச்சான்? அவுருக்கு மட்டும் ரெண்டு அப்பளம் சேத்து வெச்சிருப்பேன்."

பஷீர்தான் முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை. "உக்காருங்க, பிரியாணி ஆறுது" என்று பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கை கழுவிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். "இதையும் கேட்டுத்தான் செய்வீங்களா?" என்றார்.

போகும்போது ஒன்று சொன்னார். "உங்க ஊட்டுல நனைக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். அத மாத்த மாட்டேன். ஓட்டலப் பத்தி நான் அன்னிக்கு ஒண்ணுஞ் சொல்லல." பிறகு, "ராசாத்திக்கு நீங்களே சொல்லுங்க. எனக்காவது எலைதான் போச்சு" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விடுதிக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

ஆறுச்சாமி

•

மேட்டுப்பாளையம்
14-7-1996

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு மனசு ஆறிவிட்டது. ஒரு ஆளை எழுப்பி நிற்க வைத்தார், சிரித்தார், தீர்ந்துபோயிற்று. ஆண்களுக்கு அது போதும். நான் யாரை எழுப்பி நிற்க வைப்பது?

அண்ணி காமாலையில் ஒரு மாதம் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க வந்தேன், ஒரே ஒருமுறை. ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினேன். "உக்காரு கண்ணு" என்று இரண்டு தரம் சொன்னாள். உட்காரவில்லை. அப்போதும் அவள் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டு இருந்தீர்கள். நீங்களும் சொல்லவில்லை. அவள் செத்த அன்றைக்கு முகத்தைப் பார்த்துக்கூட, இவளால்தானே என்று ஒருமுறை நினைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்லித் தீர்ப்பது?

இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். கோபம் இருக்கிறது என்பதற்காக அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த மணிக்கு எந்த மேசை காலி, எனக்கு என்ன வேண்டும், இவருக்கு எந்த எலும்பு, எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். அண்ணிக்கு ஓட்டலில் என்ன பிடிக்கும்?

ராசாத்தாள்

•

கொடுமுடி
20-7-1996

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்விக்கு நான்கு நாள் யோசித்தேன். பழைய குறிப்பேடுகளையும் எடுத்துப் பார்த்தேன்.

நான் அறிந்தவரை பாவாத்தாள் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை. நாற்பத்தோரு வருடத்தில் நான் அவளை ஒருமுறையும் அழைத்துப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரொட்டியும் பாலும் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவளுக்கு ஓட்டலில் என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் என்ன பிடிக்கும் என்பதும் சரியாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்ததை அவள் சமைத்தாள். அவளுக்கு ஒன்று தனியாகப் பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நகல் எடுக்காத கடிதம் இது.

ஆறுச்சாமி

•

மேட்டுப்பாளையம்
1-8-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமா? காவிரியில் பதினெட்டாம் பெருக்குக்குக் கூட்டம் வரும், வெயிலில் போய் நிற்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

எழுபத்தொன்றில், என் கொழுந்தன் கல்யாணத்துக்கு ஜமக்காளம் எடுக்க அண்ணியும் நானும் பவானிக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வேலையாய் இருந்தீர்கள், எங்களை மட்டும் அனுப்பினீர்கள். கட்டுச்சோறு கொண்டுபோனோம். தறிக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் அண்ணி, "கண்ணு, இந்தச் சோத்த ஆத்து மீனுக்குப் போட்டுட்டு ஓட்டலுக்குப் போலாமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனோம். பயந்து பயந்து மூலையில் உட்கார்ந்தோம். அண்ணி பூரி கேட்டாள்.

பந்து மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. அண்ணி அதுவரை பார்த்ததே இல்லை. "ஏனுங்க, உள்ள என்ன வெச்சிருக்கறீங்க?" என்று கொண்டுவந்தவரிடம் கேட்டாள். "காத்துங்கம்மா." "காத்துக்கும் சேத்தா காசு?" என்றாள். அப்புறம் விரலால் மெதுவாய்க் குத்தினாள். ஆவி சுட்டு, கையை உதறிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவள் விடவில்லை, இன்னொரு செட் கொண்டுவரச் சொன்னாள். தின்பதற்கு இல்லை அண்ணா, குத்துவதற்கு.

பஸ்ஸில் வரும்போது, "உங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத. நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சுக்குவாரு" என்றாள். இத்தனை வருடம் சொல்லவில்லை. நடுவில் அவள் மேல் இருந்த கோபத்தில் நானே மறந்தும் போயிருந்தேன். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கடிதத்தை ஒட்டிய பிறகுதான் திடீரென்று ஞாபகம் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணில் மருந்து விடும் நேரம் என்று நினைத்து மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்க ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை கோயமுத்தூர் வருகிறோம். ரயிலடி ஓட்டலுக்குக் காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். திரை போட்ட அறை வேண்டாம். எனக்கு நாலு பேரைப் பார்க்க வேண்டும், இப்போதுதான் கண் தெரிகிறது. இவர் ரோஸ்ட் என்று இப்போதே சொல்லிவிட்டார். நான் பூரி.

கோபம் இன்னும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நேராகவே சொல்வேன். நீங்கள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் எடுக்கிறேன் என்று எழுந்து போகக் கூடாது.

நீங்கள் என்ன சாப்பிடுவது என்று மட்டும் முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்து, பசியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
ராசாத்தாள்